அச்சடித்த துளைகள்

அன்று துவிதியை, மகாளய அமாவாசை கழிந்த இரண்டாம் நாள். காலை ஏழு மணிக்குத் துணி உலர்த்தப் பால்கனிக்கு வந்த மங்கையர்க்கரசி, பிழிந்த புடவையைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டார். புடவையிலிருந்து சொட்டிய நீர் கால்விரல்களை நனைத்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"ஏங்க, கொஞ்சம் இங்க வாங்க. வந்து பாருங்க இந்த அநியாயத்தை."

உள்ளே காப்பி ஆற்றிக்கொண்டிருந்த கணவர் ஜம்புநாதன் டம்ளரும் கையுமாக வந்து எட்டிப் பார்த்தார். வங்கத் தலைநகரின் பெஹாலாப் பகுதியில், அந்தச் சந்து அகன்று சிறு திடலாகும் இடத்தில், தெருக் கிளப்பின் துர்கா பூஜைப் பந்தல் நின்றது. சென்ற ஆண்டு அடுத்த தெருக்காரர்கள் சீனப் பெருஞ்சுவரை எழுப்பிக் கூட்டத்தை அள்ளிவிட்டதால், இவ்வாண்டு இவர்கள் பாரிஸ் நகரத்து ஈபிள் கோபுரத்தை எடுத்துக்கொண்டார்கள். நாற்பதடி உயரம். நான்கு கால்களுக்கு நடுவே அம்மன் சிலை. கால்களுக்கு அடியில் புகுந்து மக்கள் வரிசை நகரும். முந்தைய நாள் வரையில் மூங்கில் எலும்புக்கூடாக நின்ற கோபுரத்துக்கு இப்போது சட்டை மாட்டியிருந்தார்கள். அடியிலிருந்து உச்சி வரையில், நான்கு முகங்களிலும் பிளெக்ஸ் தாள். உண்மையான கோபுரத்தின் இரும்புப் பின்னல், ஒவ்வொரு சட்டமும் ஒவ்வோர் ஆணித்தலையும் தெரியும்படி, அதில் புகைப்படமாக அச்சாகியிருந்தது. சட்டங்களுக்கு இடையே வானம் தெரிய வேண்டிய இடங்களில் வானமும் நீல மையில் அச்சாகியிருந்தது.

"நல்லாத்தானே இருக்கு? நிஜம் மாதிரியே இருக்கு," என்றார் ஜம்புநாதன்.

"ஓட்டையை அச்சடிச்சிருக்காங்க! ஓட்டையைப் போய் யாராவது அச்சடிப்பாங்களா? அந்தக் கோபுரம் நிக்கிறதே ஓட்டையாலதான்!"

பொறியியல் படிக்காதவர்க்கும் விளங்கக்கூடிய செய்திதான் அது. முந்நூறு மீட்டர் உயரத்துக்கு ஒரு சுவரை எழுப்பினால், காற்று அதைத் தள்ளும். அதே உயரத்துக்கு ஒரு சல்லடையை எழுப்பினால், பெரும்பகுதிக் காற்று ஊடே புகுந்து போய்விடும். பாரிஸ் கோபுரத்தைத் திட்டமிட்டவர்கள் காற்றை மனத்தில் வைத்துத்தான் கால்களை அகலவிட்டு, மேலே வளைத்துக் குறுக்கி, உடல் முழுவதையும் பின்னலாக்கினார்கள். அதனால் அது 1889 முதல் நிற்கிறது. அதன் உருவத்தைக் கடன் வாங்கிய கிளப், அது நிற்கும் காரணத்தை விட்டுவிட்டது. மூங்கிலையும் கயிற்றையும் நம்பி நின்ற ஒரு கூட்டின்மேல் நான்கு கப்பற்பாய்களை விரித்துக் கட்டியிருந்தார்கள்.

மங்கையர்க்கரசி இதை எங்கிருந்து அறிந்தார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அவருடைய தந்தை திருச்சி உறையூரிலிருந்து வந்து கிதிர்பூர்த் துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கியவர். மகள் இங்கேயே படித்தார். வரைவாளர் பயிற்சி முடித்தார். இருபதாம் வயதில் கேமாக் தெருவில், பெயர்ப்பலகை மங்கிய ஓர் ஆலோசனை நிறுவனத்தில் டிரேசராகச் சேர்ந்தார். பொறியாளர் பென்சிலால் வரைந்ததன்மேல் மெழுகுத்துணியைப் பரப்பி, மையால் பிரதியெடுப்பது டிரேசரின் வேலை. முப்பத்து நான்கு ஆண்டுகள் அதைச் செய்தார். இமயமலை அணையொன்றின் மதகுக் கதவுகளும், பிரம்மபுத்திராவின் பாலத் தூண்களும், அனல்மின் நிலையங்களின் குளிர்விப்புக் கோபுரங்களும் அவருடைய பேனா முனையின் வழியாகக் கடந்து போயின. அவற்றுள் ஒன்றையேனும் அவர் நேரில் கண்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக ஹௌரா பாலத்துக்குப் போவார். நடைபாதையில் நின்று அண்ணாந்து, எந்தச் சட்டம் இழுக்கப்படுகிறது, எது நசுக்கப்படுகிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்ப்பார். போகிற வருகிறவர்கள் அவரை வேண்டுதல்காரி என்று எண்ணிக்கொண்டார்கள்.

ஒருமுறை ஒரு வரைபடத்தில் படிக்கட்டுக் கோபுரத்தின் குறுக்குச் சட்டம் ஒன்று விடுபட்டிருப்பதைக் கண்டு, பொறியாளரிடம் எடுத்துப் போனார். "உன் வேலை கோடு இழுக்கறது. கோட்டைப் பத்தி யோசிக்கறது இல்லை," என்று அவர் மடித்துக் கொடுத்துவிட்டார். 'சரிபார்த்தவர்' என்ற கட்டத்தில் அதற்கு முன்பே கையெழுத்து விழுந்திருந்தது. ஏழு மாதம் கழித்து அதே இணைப்புக்குத் திருத்த வரைபடம் வந்தது. அதையும் மங்கையர்க்கரசியே பிரதியெடுத்தார். முந்தைய தவறு யாருடையது என்று எங்கும் எழுதப்படவில்லை.

2018 செப்டம்பரில் மாஜேர்ஹாட் பாலம் இடிந்து விழுந்த மாலையில், அவருடைய மகள் சுபிக்ஷா அந்தப் பாலத்தை நோக்கி வந்த பேருந்தொன்றில் இருந்தாள். அரை மணி நேரத் தொலைவு. அன்றிலிருந்து, ஒரு கட்டுமானத்தைப் பற்றி யாராவது 'ஒண்ணும் ஆகாது' என்று சொல்லிவிட்டால் போதும். மங்கையர்க்கரசிக்கு உச்சி வரையில் சூடேறிவிடும்.

அந்தச் சூட்டோடுதான் அவர் கிளப் அறைக்குள் நுழைந்தார். கேரம் பலகையைச் சுற்றி நான்கு பேர் இருந்தார்கள். செயலாளர் மானிக் ஹால்தார் எழுந்து வரவேற்றார். பெருஞ்சாலையில் குளியலறைக் குழாய்க் கடை வைத்திருப்பவர். அவருக்கும் பாடா எனப்படும் அந்தக் குடியிருப்பில் பாதிப் பேருக்கும் மங்கையர்க்கரசி 'பௌதி', அதாவது அண்ணி.

"வாங்க பௌதி, வாங்க! எப்படி நம்ம பாரிஸ்?"

"பாரிஸ் விழப்போகுது, மானிக்."

"துர்கா துர்கா! காலங்காத்தால என்ன பேச்சு இது?"

"மூங்கில் பட்டையால நிஜப் பின்னல் போடறதாத்தானே பேச்சு? பிளெக்ஸ் எங்கேருந்து வந்துது?"

"மழை பத்து நாளை முழுங்கிடுச்சே பௌதி. பட்டை சீவி, வளைச்சு, கட்டி... எப்ப முடியும்? பிரிண்ட் பாத்தீங்களா? ஆணியைக்கூட எண்ணலாம்!"

"நீ எண்ணலாம். காத்து எண்ணாது."

கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் தலை நிமிராமல் கேட்டார்: "ஏன் பௌதி, உங்க ஊர்க் கோயில் கோபுரத்துல ஓட்டையா இருக்கு? ஆயிரம் வருஷமா நிக்கலையா?"

"அது கல்லு. அதைத் தள்ளறதுக்குக் காத்துக்குத் தெம்பு கிடையாது. உங்க கோபுரம் மூங்கிலு. இந்த கேரம் கோஷ்டி எழுந்து வந்தா தோள்ல தூக்கிட்டுப் போயிடலாம். ஆனா நீங்கதான் எழுந்திருக்க மாட்டீங்களே."

சிரிப்பு எழுந்தது. மானிக் மட்டும் சிரிக்காமல், சுவரில் சட்டமிட்டு மாட்டியிருந்த தாளைத் தட்டிக் காட்டினார். "இன்ஜினியர் சென்குப்தா சார் சர்டிபிகேட் குடுத்தாச்சு. ஸ்டேஷன்ல, கார்ப்பரேஷன்ல எல்லா இடத்திலயும் காட்டியாச்சு. இனிமே என்ன?"

மங்கையர்க்கரசி கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரையில் வாசித்தார். திறந்த பின்னல் அமைப்புடைய மூங்கில் கோபுரம் என்றும், இடத்தை நேரில் பார்வையிட்டு உறுதித்தன்மைக்குச் சான்றளிப்பதாகவும் அதில் கண்டிருந்தது. தேதி ஆகஸ்ட் இருபத்தொன்று.

"ஆகஸ்ட் இருபத்தொண்ணு இந்தத் திடல்ல முழங்கால் தண்ணி. முதல் மூங்கிலே அதுக்கப்புறம் ஒரு வாரம் கழிச்சுத்தான் நட்டீங்க. எந்த இடத்தைப் பார்வையிட்டார் இவரு? படகுலயா வந்தார்?"

மானிக்கின் முகம் சிவந்தது. குரலைத் தாழ்த்தினார்.

"பௌதி, மரியாதையோட கேக்கறேன். நீங்க இன்ஜினியரா? டிரேசராத்தானே இருந்தீங்க?"

 மங்கையர்க்கரசி கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டார்.

"ஆமா. டிரேசர்தான். அதனாலதான் முழுசா வாசிச்சேன்."

வீட்டுக்கு வந்ததும் அவர் கட்டம் போட்ட தாளை எடுத்தார். கோபுரத்தின் அடியகலம், உச்சியகலம், வளைவு எல்லாவற்றையும் அளவுப்படி வரைந்தார். மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் காற்றடித்தால், மூடிய ஒரு முகத்தின்மேல் ஏறத்தாழ ஒரு டன் தள்ளுவிசை விழும். திறந்த பின்னலாக இருந்தால் அதில் பாதிகூட இராது. மூங்கில் கூட்டின் மொத்த எடையோ ஒன்றரை டன்தான்; பக்கவாட்டில் உயரே விழும் அந்தத் தள்ளலுக்கு அது சாய்ந்துவிடும். வங்கக் கடலில் உருவான தாழ்வு மண்டலத்தால் பஞ்சமியன்று நண்பகலில் அதே வேகத்தில் சூறைக்காற்று வீசக்கூடும் என்று தொலைக்காட்சி காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது. பஞ்சமி மாலையில் பந்தல் திறப்பு. பகலிலேயே வேடிக்கை பார்க்க வந்து நானூறு பேராவது கால்களுக்கு அடியில் முண்டியடிப்பார்கள்.

"நாப்பது வருஷமா இவங்களோட இருக்கோம், மங்கை," என்றார் ஜம்புநாதன். "நாளைக்கும் இவங்களோடதான் இருக்கணும். உன் மூக்கை நுழைச்சு..."

"இருக்கணும்னுதான் நானும் சொல்றேன். உயிரோட இருக்கணும்."

ஜம்புநாதன் டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். மத்திய அரசின் கிடங்குத் துறையில் பணியாற்றியவர். எப்போது எதிர்வாதம் செய்யக்கூடாது என்பதை அங்கேயே கற்றிருந்தார்.

மறுநாள் திருதியை. விடிந்ததும் மங்கையர்க்கரசி தாளை எடுத்துக்கொண்டு திடலுக்குப் போனார். பந்தல் வேலைக்கு மேஸ்திரி நிமாய் ஜானா, கடலோரத்தில் காந்தி என்னும் ஊரைச் சேர்ந்தவர், ஐம்பது வயதிருக்கும். அவர் தாளைக் கையில் வாங்கவில்லை. "கணக்கு எனக்கு எதுக்கு மாஷிமா? இங்க கையை வைங்க," என்று சித்தி முறை வைத்துச் சொன்னார்.

மூங்கிலின்மேல் உள்ளங்கையை வைத்தார் மங்கையர்க்கரசி. மரக்கிளை அசையாத காலைக் காற்றிலேயே கோபுரத்தின் கால் நடுங்கிக்கொண்டிருந்தது. மேலே எங்கோ கயிறு முனகியது.

"வெறும் மூங்கிலா இருந்தப்ப இது வாயைத் திறக்கல. பிளெக்ஸ் போட்டதும் பேச ஆரம்பிச்சுடுச்சு."

"தெரிஞ்சுமா மாட்டின?"

"மாட்டச் சொன்னாங்க, மாட்டினேன். கழட்டச் சொன்னா கழட்டுவேன். ஆனா யார் சொல்றது? நான் சொன்னா, அடுத்த வருஷம் இந்தப் பாடாவுக்கு வேற மேஸ்திரி வருவான்."

யார் சொல்வது? அந்தக் கேள்விதான் மங்கையர்க்கரசியை எரித்தது. கட்டியவருக்குத் தெரியும், சொல்ல உரிமை இல்லை. உரிமை உள்ளவர் கையெழுத்திட்டுவிட்டார், வந்து பார்க்கவில்லை. செயலாளருக்கோ கையெழுத்தே போதும். இந்த மூவருக்கும் இடையே இருக்கும் இடைவெளியில்தான் நானூறு பேர் நிற்கப் போகிறார்கள். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தால் பந்தலையே மூடிவிடுவார்கள். பாடாவுக்குப் பூஜை இல்லாமல் போகும். அதுவும் அவருக்குப் பொறுக்காது. முப்பது ஆண்டுகளாக அஷ்டமியன்று பழம் நறுக்கும் வரிசையில் அவருக்கென்று ஓர் இடம் உண்டு.

அன்று பிற்பகலில் மானிக்கின் வீட்டு மாடியில் பிரசாதச் சமையலைப் பேசி முடிப்பதற்காகப் பெண்கள் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். மானிக்கின் மனைவி சுக்லா இரவிக்கைத் தையற்கடை நடத்துபவள். கிச்சடிக்கு எவ்வளவு பாசிப்பருப்பு என்ற பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோது, மங்கையர்க்கரசி கட்டத்தாளைப் பாயின்மேல் விரித்தார். ஒரு டன் என்பது எவ்வளவு என்று பெண்களுக்குச் சொன்னார். சந்துமுனை இனிப்புக்கடையின் இரும்பு அடுப்பு, மாவு மூட்டைகள், குளிர்பெட்டி எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிக் கோபுரத்தின் ஒரு பக்கமாகச் சாய்த்தால் எப்படியோ, அப்படி.

"அப்ப பூஜோவே வேண்டாங்கறீங்களா, பௌதி?" என்றாள் ஒருத்தி.

"பூஜை வேணும். பிளெக்ஸ் வேண்டாம்."

"மொட்டை மூங்கிலா நின்னா சீனச் சுவர்க்காரங்க சிரிப்பாங்களே!" என்றாள் இன்னொருத்தி. அதற்குப் பலர் தலையசைத்தார்கள். உண்மையான அச்சம் அதுதான்.

"முழுசாக் கழட்ட வேண்டாம். நடுவுல நீலமா வானம் அச்சடிச்சிருக்கு பாருங்க, அதை மட்டும் வெட்டி எடுத்துடுவோம். சட்டம் மட்டும் நிக்கட்டும். காத்து போக வழி கிடைக்கும்."

சுக்லா உதட்டைக் கடித்தபடி யோசித்தாள். துணி வெட்டுகிறவளின் யோசனை அது. "வெட்டின ஓரம் கிழியும். பின்னாடி ஏதாவது கொடுத்துத் தாங்கணும்."

"நிமாய் மூங்கில் பட்டை வச்சுக் கட்டுவார். கேட்டுட்டேன்."

"மொத்தம் எத்தனை ஓட்டை?"

"ஒரு பக்கத்துக்கு நூத்தித் தொண்ணூறு. நாலு பக்கம். எண்ணிட்டேன்."

"எழுநூத்தறுபது ஓட்டையையும் எண்ணினீங்களா!" சுக்லா சிரித்துவிட்டாள். "எங்க வீட்டுக்காரர் உங்ககிட்ட மாட்டினது நியாயந்தான்."

சதுர்த்தி காலையில் சுக்லா தையல் கத்திரிக்கோலோடு முதலில் வந்தாள். நிமாயின் ஆட்கள் பிளெக்ஸைக் கீழே இறக்கித் திடலில் விரித்தார்கள். பெண்கள் முழந்தாளிட்டு அமர்ந்து, ஆளுக்கொரு சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வானத்தை வெட்டத் தொடங்கினார்கள். நீலத் துண்டுகள் காலடியில் குவிந்தன. பத்து மணிக்கு மானிக் கத்திக்கொண்டே ஓடி வந்தார்.

"என்ன பைத்தியக்காரத்தனம் இது? யாரைக் கேட்டு வெட்டறீங்க? பிரிண்ட் வர எட்டு நாள் ஆச்சு தெரியுமா?"

சுக்லா தலை நிமிரவில்லை. "நாளைக்கு மத்தியானம் காத்து வரும்போது நீ இதுக்கு அடியில நிக்கறியா? நிக்கறேன்னு சொல்லு, கத்திரியைக் கீழ வச்சுடறேன்."

 மானிக் உடனே, ஒலிக்காத கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு, "ஹலோ, ஹலோ" என்றபடி சந்துக்குள் நடந்து மறைந்தார்.

இருட்டுவதற்குள் மூன்று முகங்கள் மேலே ஏறிவிட்டன; நான்காவது முகம் பஞ்சமி காலை பத்தரைக்கு ஏறியது. காற்று பன்னிரண்டரைக்கு வந்தது. தெருவின் தோரணங்களை அறுத்தது. தேநீர்க்கடையின் தகரக் கூரையை ஒரு பக்கம் தூக்கியது. கோபுரம் அசைந்தது. பால்கனியில் நின்ற மங்கையர்க்கரசி கைப்பிடிக் கம்பியை விடவில்லை. சரியாகக் கட்டப்படாத இரண்டு துண்டுகள் பிய்த்துக்கொண்டு பறந்தன. எஞ்சிய துளைகளின் வழியே காற்று ஊளையிட்டுக்கொண்டு போயிற்று. இருபது நிமிடம். கோபுரம் நின்றது.

திறப்பு விழாவில் தொலைக்காட்சிக்காரர் ஒலிவாங்கியை நீட்டியபோது, மானிக் பட்டு ஜிப்பாவில் மின்னினார். "காற்றோடு போரிடாத கோபுரம் என்பதுதான் எங்கள் கருத்து. தொடக்கம் முதலே அப்படித்தான் திட்டமிட்டோம்." சஷ்டியன்று புதுமைக்கான பரிசும் வந்தது.

"பாத்தியா, உன் பேரை மூச்சு விடல அந்தாளு," என்று ஜம்புநாதன் பொருமினார்.

"என் பேர் எதுக்கு? கிளப் சுவர்ல இருந்த அந்த சென்குப்தா பேரு இப்ப பந்தல் வாசல்லயே தொங்குது, அதைப் பாருங்க. 'நேரில் பார்வையிட்டு'ன்னு எழுதியிருக்கு. சாமி சந்நிதியில பொய்யைச் சட்டம் போட்டு மாட்டியிருக்காங்க."

கோபுரம் நின்றுவிட்டது, ஆகவே சான்றிதழ் சரியானது என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். அவரால் சகிக்க முடியாதது அதுதான். விழுந்திருந்தாலாவது யாரேனும் அந்தத் தேதியை வாசித்திருப்பார்கள்.

சப்தமி முற்பகலில் சென்குப்தா குடும்பத்தோடு வந்தார். கிளப்காரர்கள் வரிசையைத் தவிர்த்துச் சிறப்பு வாயில் வழியாக அவரை அழைத்துப் போனார்கள். இனிப்புத் தயிரும் சந்தேஷ் மிட்டாயும் தட்டில் வந்தன. அவர் ஒரு துண்டை வாயில் இடும்போது, எதிரே மங்கையர்க்கரசி வந்து நின்றார். கையில், வாசலிலிருந்து கழற்றிச் சட்டத்திலிருந்து உருவிய சான்றிதழ்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாம், மேடம். ஏதாவது பிரச்சினையா?"

"இந்தக் கோபுரத்தை இதுக்கு முன்னாடி பாத்திருக்கீங்களா?"

சென்குப்தா மானிக்கைப் பார்த்தார். மானிக் அம்மனைப் பார்த்தார்.

"வரைபடத்தைப் பாத்துட்டுத்தான்..."

"வரைபடம் முப்பத்து நாலு வருஷம் நானும் பாத்திருக்கேன். அதை நான் கேக்கல. நாலு கால் இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் போய்க் கையை வச்சுப் பாருங்க. முட்டுக் கட்டையை அசைச்சுப் பாருங்க. கயிறு எல்லாம் பாருங்க. அப்புறமா இன்னிக்கித் தேதி போட்டு மறுபடி கையெழுத்துப் போடுங்க. இல்லேன்னா அடிச்சுட்டுப் போங்க. எதுவானாலும் சரி. இது மட்டும் இப்படியே தொங்கக்கூடாது."

"பௌதி, விருந்தாளி..." என்று மானிக் தொடங்கினார்.

"வரிசையில நிக்கிறவங்களும் விருந்தாளிங்கதான், மானிக்."

வரிசையில் நின்றவர்கள் கழுத்தை நீட்டிப் பார்க்கலானார்கள். யாரோ கைப்பேசியில் படம் எடுத்தார்கள். சென்குப்தாவின் மகள், பத்து வயதிருக்கும், "போய்ப் பாருங்களேன், பாபா," என்றாள். அவர் தட்டைக் கீழே வைத்தார். புதிய ஜிப்பாவின் கையை முழங்கை வரையில் மடித்துவிட்டு முதல் காலை நோக்கி நடந்தார்.

முதலில் வேண்டாவெறுப்பாகத்தான் தொட்டார். இரண்டாவது காலில் குனிந்தார். மூன்றாவதில் சாரத்துக்குள் புகுந்து, கணுவுக்குக் கணு கட்டுகளை இழுத்துப் பார்த்தார். நான்காவது தென்மேற்குக் கால். வரிசைத் தடுப்பில் கூட்டம் இரண்டு நாளாகச் சாய்ந்து சாய்ந்து அதன் முட்டுக்கட்டையை நெம்பியிருந்தது. சென்குப்தா அதைப் பிடித்து அசைத்தார். கட்டை அவர் கையோடு அசைந்து வந்தது. முகம் மாறிற்று.

"மேஸ்திரி எங்கே? இந்தப் பக்கத்து வரிசையை உடனே நிறுத்துங்க!"

நிமாய் கயிற்றுச் சுருளோடு ஓடி வந்தார். மக்கள் பின்னால் நகர்ந்தார்கள். முட்டு இறுகியபின், சென்குப்தா தம்முடைய ஜிப்பாப் பையிலிருந்து பேனாவை எடுத்து, பழைய தேதியை அடித்துப் புதிய தேதியிட்டு, மறுபடி கையெழுத்திட்டார். அவர் கையில் மூங்கில் தூசி ஒட்டியிருந்தது. கையெழுத்திலும் சிறிது ஒட்டியது. மங்கையர்க்கரசியின் முகத்தைப் பாராமலே தாளை நீட்டினார்.

மங்கையர்க்கரசி அதை முழுவதும் வாசித்துவிட்டு, மணிக்கட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பதினோரு நிமிஷம்," என்றார். "வெறும் பதினோரு நிமிஷ வேலை, சார், இது."